டெபாசிட்டை எப்போது கட்டலாம்? – வாசகர் கேள்வி பதில்

மார்ச் மாதம் பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். "இடம் கிடைத்துவிட்டது அக்கா, பணத்தைக் கட்டிவிடட்டுமா, காத்திருக்கட்டுமா?" இந்தக் கல்லூரியில்தான் சேர்கிறோம் என்று உறுதி சொல்லக் கட்டும் முன்பணம்தான் இந்த டெபாசிட். பதினாறு வருடம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் அட்மிஷன் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அதில் ஒன்பது வருடம் டெபாசிட் பட்டியல் என் மேசையில்தான் இருந்தது. யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை, யார் கட்டிவிட்டு வரவில்லை என்று பெயர் பெயராகப் பார்த்தவள். அதனால் இந்த இதழை முழுக்க இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, மகளுக்கு ரோலிங் அட்மிஷன் (விண்ணப்பம் வர வர முடிவு சொல்லும் முறை) உள்ள ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியில் அக்டோபரிலேயே இடம் கிடைத்துவிட்டது. இன்னும் நான்கு கல்லூரிகளின் முடிவு மார்ச் கடைசியில்தான் வரும். இதற்குள் "டெபாசிட் கட்டினால்தான் டார்ம் (விடுதி) வரிசையில் பெயர் ஏறும்" என்று வாரத்துக்கு இரண்டு மெயில் வருகிறது. 400 டாலர். "கையில் இருக்கும் சீட்டை விட்டுவிடாதே, கட்டிப்போடு" என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– ஓர் அம்மா, எடிசன், நியூஜெர்சி

பதில்: உங்கள் மனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அட்மிஷன் கடிதத்தை எடுத்து, பதில் சொல்லக் கடைசித் தேதி என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் மே 1 என்றுதான் இருக்கும். முதலாண்டு மாணவர்களுக்கு நாடு முழுக்க நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள நாள் அது. கடிதத்தில் எந்தத் தேதி போட்டிருக்கிறதோ, அதுவரை அந்த இடம் உங்கள் மகளுடையது. மெயில் எத்தனை வந்தாலும் அது மாறாது.

பிறகு ஏன் இத்தனை அவசரப்படுத்துகிறார்கள்? கல்லூரிகளின் அட்மிஷன் அதிகாரிகளும் பள்ளிக் கவுன்சிலர்களும் சேர்ந்த நேக்காக் என்ற தேசிய அமைப்பு இருக்கிறது. ஒரு பிள்ளை மே 1க்குள் ஓரிடத்தில் உறுதி சொல்லிவிட்டால், மற்ற கல்லூரிகள் அதன் பிறகு அவனை இழுக்கப் பார்க்கக் கூடாது என்று அந்த அமைப்பின் நெறிமுறையில் ஒரு விதி இருந்தது. இது போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் விசாரணையில் இறங்க, 2019 செப்டம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்து அந்த விதியை நீக்கினார்கள். அன்றிலிருந்து கல்லூரிகளுக்கும் உள்ளூரப் பயம். கட்டிய பிள்ளைகூட போய்விடலாமே என்று. அந்தப் பயம்தான் உங்கள் வீட்டு இன்பாக்ஸுக்கு வாரம் இருமுறை வருகிறது.

டார்ம் விஷயத்தை மட்டும் லேசாக விடாதீர்கள். சில கல்லூரிகளில் அறை ஒதுக்குவது உண்மையிலேயே டெபாசிட் கட்டிய வரிசைப்படிதான் நடக்கும். சில இடங்களில் ஹவுசிங்குக்குத் தனி விண்ணப்பம், தனிப் பணம். மகளையே அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். மூன்று கேள்விகள் போதும். இந்த 400 டாலரை எந்தத் தேதிவரை திரும்ப வாங்கலாம்? டெபாசிட் கட்டாமல் ஹவுசிங்குக்கு மட்டும் விண்ணப்பிக்க முடியுமா? மே 1 அன்று கட்டும் முதலாண்டு மாணவருக்கு வளாகத்தில் இடம் உறுதியா? பதில் எழுத்தில் வர வேண்டும்.

எழுத்தில் என்று நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. 2015ல் என் மகனுக்கு ஜனவரியிலேயே ஓரிடத்தில் அட்மிஷன் வந்தது. நான் வேலை பார்த்த கல்லூரி இல்லை, வேறொன்று. "ஹவுசிங் பணம் மே 1 வரை ரீஃபண்ட் உண்டு" என்று போனில் ஒரு பெண் சொன்னார். நம்பி 500 டாலர் டெபாசிட்டும் 200 டாலர் ஹவுசிங் பணமும் கட்டினோம். ஏப்ரலில் அவன் மனதுக்குப் பிடித்த கல்லூரி நல்ல ஸ்காலர்ஷிப்போடு அழைத்தது. முன்னதில் விலகுகிறோம் என்று எழுதினோம். இரண்டு தொகையுமே திரும்பாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. போனில் பேசிய பெண்ணின் பெயரைக்கூட நான் குறித்து வைக்கவில்லை. அலுவலகத்தில் நூறு பெற்றோருக்கு "பொறுங்கள்" என்று சொன்னவள் நான். சொந்தப் பிள்ளை என்று வந்தபோது பயம் முந்திக்கொண்டது. அந்த 700 டாலர் அன்று எங்களுக்கு ஒரு மாத மளிகை.

ஆகவே என் யோசனை இது. ஹவுசிங்குக்குத் தனியாக விண்ணப்பிக்க முடியுமென்றால் அதை மட்டும் செய்யுங்கள். முடியாது, அறை போய்விடும் என்று எழுத்தில் சொன்னால், இந்தக் கல்லூரி மகளின் முதல் இரண்டு இடங்களுக்குள் வருகிறதா என்று அவளையே கேளுங்கள். வருகிறது, 400 டாலர் போனாலும் வீடு தாங்கும் என்றால் கட்டலாம். ஆனால் ஏப்ரலில் வேறு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தால், அங்கே கட்டும் அன்றைக்கே இங்கே விலகல் மெயில் போக வேண்டும். கணவரிடமும் சொல்லுங்கள், கையில் இருக்கும் சீட் இன்னும் ஆறு வாரம் கையிலேயேதான் இருக்கும்.

கேள்வி: மகனுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம். அவனால் மே 1க்குள் முடிவெடுக்க முடியாது போலிருக்கிறது. இரண்டிலும் டெபாசிட் கட்டிவிட்டு ஜூலையில் தீர்மானித்தால் என்ன? நம் பணம்தானே போகிறது?
– ஒரு தந்தை, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: செய்யாதீர்கள் ஐயா. டெபாசிட் கட்டுவது தாம்பூலம் மாற்றுவது மாதிரி. பத்து வீடு பார்க்கலாம். தாம்பூலம் ஒரு வீட்டோடுதான்.

நடைமுறையிலேயே இது மாட்டிக்கொள்ளும் வழி. பள்ளி இறுதி மார்க் பட்டியலைக் கவுன்சிலர் ஒரு கல்லூரிக்குத்தான் அனுப்புவார். இரண்டு இடத்துக்கு அனுப்பச் சொன்னால் அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். இரட்டை டெபாசிட் தெரியவந்தால் இடத்தை ரத்துசெய்யும் உரிமையைப் பல கல்லூரிகள் கடிதத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டும் வழுக்கும்.

பணம் மட்டும்தான் போகிறது என்கிறீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் எங்கள் வெயிட்லிஸ்டில், அதாவது காத்திருப்போர் பட்டியலில், ஒரு பெண் இருந்தாள். மே மாதம் முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்வாள். குரலை வைத்தே எனக்கு அவளைத் தெரியும். ஒவ்வொரு வாரமும் நான் கணினியில் எண்ணிக்கையைப் பார்ப்பேன். இடம் நிரம்பியிருக்கும். "இல்லம்மா" என்பேன். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியபோது, டெபாசிட் கட்டியவர்களில் ஏழு பேர் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் வேறெங்கோ போயிருந்தார்கள். அந்தப் பெண்ணை அழைத்தேன். வேறு மாநிலத்தில் டார்மில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "இப்போது வர முடியாதே" என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டதற்கு நன்றியும் சொன்னாள். உங்கள் மகன் பிடித்து வைக்கும் இரண்டாவது நாற்காலியும் இப்படி யாரோ ஒருவருடையதுதான்.

ஒரே ஒரு சூழலில் இரண்டு பணம் முறையானது. ஓரிடத்தில் டெபாசிட் கட்டிவிட்டு, இன்னொன்றின் வெயிட்லிஸ்டில் தொடரலாம். மே, ஜூனில் அங்கிருந்து அழைப்பு வந்து அவன் ஏற்றுக்கொண்டால், அங்கே கட்டிவிட்டு முதல் கல்லூரிக்கு உடனே விலகல் எழுத வேண்டும். முதல் டெபாசிட் போய்விடும். அது எல்லோரும் அறிந்த, எல்லோரும் ஏற்ற வழக்கம்.

முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஏப்ரல் மாதத்தைப் பயன்படுத்துங்கள். அட்மிஷன் கிடைத்தவர்களுக்கென்றே கல்லூரிகள் நடத்தும் நாட்களுக்கு அவனை அனுப்புங்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில், அவன் எடுக்கப்போகும் துறையின் வகுப்பு ஒன்றில் உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. நீங்கள் வெளியே காத்திருங்கள்.

கேள்வி: எங்களுக்குப் போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. மகளுக்கு ஒரு தனியார் கல்லூரி 41,000 டாலர் 'அவார்ட்' கொடுத்திருக்கிறது. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகம் ஒன்றிலும் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் அங்கே உதவி எதுவும் இல்லை. தனியாருக்கு ஆண்டுக்கு 84,000, யூசிக்கு 44,000. கழித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே? பிறகு ஏன் பெயர்பெற்ற தனியாரை விட வேண்டும்?
– ஓர் அம்மா, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: நீங்கள் அனுப்பிய கடித நகலை மேசையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாக அடித்துப் பார்த்தேன். அந்த 41,000க்குள் நான்கு வரிகள். மெரிட் ஸ்காலர்ஷிப் 24,000. ஃபெடரல் (மத்திய அரசு) மாணவர் கடன் 5,500. வொர்க்-ஸ்டடி 2,500. பேரன்ட் பிளஸ் 9,000. இதில் யாரும் திருப்பிக் கேட்காத பணம் முதல் வரி ஒன்றுதான். 5,500 உங்கள் மகள் தலையில் ஏறும் கடன். பெற்றோரைச் சார்ந்த முதலாண்டு மாணவருக்கு ஃபெடரல் கடனின் உச்ச வரம்பே அவ்வளவுதான், அதை அப்படியே போட்டிருக்கிறார்கள். பேரன்ட் பிளஸ் உங்கள் தலையில் ஏறும் கடன். வொர்க்-ஸ்டடி என்பது அவள் வாரம் தோறும் நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய பணம். வேலை கிடைத்தால்தான் அதுவும்.

84,000ல் 24,000 போனால் மீதி 60,000. யூசியில் 44,000. ஆண்டுக்கு 16,000 வித்தியாசம், நான்கு ஆண்டுக்கு 64,000. இரண்டும் ஒன்று இல்லை அம்மா.

இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறக்குறைய 91 விழுக்காடு கல்லூரிகள், குடும்பம் உண்மையில் கட்ட வேண்டிய நிகரத் தொகையை உதவிக் கடிதத்தில் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று அதில் இருந்தது. கடனையும் கொடையையும் ஒரே பத்தியில் கூட்டி, கீழே கொட்டை எழுத்தில் 'வாழ்த்துகள்' என்று போட்டால் படித்தவர்களுக்கே கண் கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த 24,000 நான்கு வருடமும் உண்டா, அதற்கு என்ன ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வைத்திருக்க வேண்டும்? கல்விக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும், ஸ்காலர்ஷிப் ஏறாமல் அப்படியே நிற்கும். மூன்றாம் வருடத்தில் உங்கள் மீதி 60,000ஆக இருக்காது. யூசியில் 2022லிருந்து ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரு பிள்ளை சேரும் ஆண்டின் டியூஷன் ஆறு ஆண்டுவரை அந்தப் பிள்ளைக்கு மாறாது. வாடகையும் சாப்பாடும் ஏறும், டியூஷன் ஏறாது.

தனியார்தான் மகளின் ஆசை என்றால், இன்றே உதவி அலுவலகத்துக்கு முறையீடு எழுதலாம். பேரம் பேசும் தொனி வேண்டாம். வருமானம் குறைந்தது, வேலை போனது, மருத்துவச் செலவு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் என்று ஃபாஃப்ஸா என்ற அரசு உதவி விண்ணப்பப் படிவத்தில் தெரியாதது எதுவோ அதைத் தாளோடு காட்டுங்கள். வேலை இழப்பு, மருத்துவச் செலவு போன்றவற்றுக்காகக் கணக்கை மாற்றிப் பார்க்கும் அதிகாரத்தைச் சட்டமே அந்த அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கிறது. முறையீட்டுக்கு மே 1க்குள் பதில் வராது போலிருந்தால், டெபாசிட் தேதியை ஒரு வாரம் நீட்டித் தரும்படி அதே மெயிலில் கேளுங்கள். தேதி என்பது கல்லில் வெட்டியதில்லை. 2020ல் கோவிட் வந்தபோது பல கல்லூரிகள் ஜூன் 1க்குத் தள்ளின. 2024ல் புது ஃபாஃப்ஸா படிவம் தாமதமாகி உதவிக் கடிதங்கள் நின்றுபோனபோதும் மே 15, ஜூன் 1 என்று தள்ளினார்கள். கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும், கேட்டது எழுத்தில் இருக்க வேண்டும்.

சிறிய தனியார் கல்லூரி என்றால் அதன் நிதிநிலையையும் ஒரு பார்வை பாருங்கள். ஃபிலடெல்ஃபியாவில் யூனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், ஜூன் 7 உடன் மூடுகிறோம் என்று 2024 மே 31 அன்று அறிவித்தது. அந்த வருடம் அங்கே சேர்வதாக உறுதி சொல்லியிருந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

யூசிதான் என்று முடிவானால், முதலாண்டு மாணவர்கள் எஸ்ஐஆர் என்ற சம்மதப் படிவத்தை மே 1க்குள் கொடுக்க வேண்டும். பெர்க்லியிலும் யூசிஎல்ஏவிலும் அதற்கான பணம் 250 டாலர். பிறகு கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஆன்ட்டி, நான் எச்-4ல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கிறேன். எட்டாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தேன். ஸ்டேட் யூனிவர்சிட்டியில் இன்-ஸ்டேட் (உள்மாநிலத்தவருக்கான குறைந்த) கட்டணத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் மூன்றாவது வருடம் எனக்கு 21 ஆகிவிடும். டெபாசிட் கட்டும் முன் நான் என்ன கேட்க வேண்டும்?
– ஒரு மாணவி, சார்லட், நார்த் கரோலினா

பதில்: உன் வயதில் இதைக் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம் கண்ணு. இந்தக் கேள்வியை மூன்றாவது வருடத்தில் அழுதுகொண்டே கேட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எச்-4ல் இருப்பவர்களுக்கு ஃபெடரல் உதவியோ ஃபெடரல் கடனோ கிடையாது. ஆகவே வீட்டுப் பணமும் கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப்பும்தான் கணக்கு. இன்-ஸ்டேட் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநிலத்தில் அதைத் தீர்மானிப்பது தனித்தனிக் கல்லூரி இல்லை, ஆர்டிஎஸ் என்ற பொது அமைப்பு. அங்கே கொடுத்த முடிவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்.

21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். படிப்பைத் தொடர வேண்டுமானால் பெரும்பாலும் எஃப்-1 என்ற மாணவர் விசா நிலைக்கு மாற வேண்டியிருக்கும். பல மாநிலங்களில் எஃப்-1 மாணவருக்கு இன்-ஸ்டேட் கட்டணம் கிடையாது. ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: நடுவில் விசா நிலை மாறினால் என் கட்டணப் பிரிவு மாறுமா, என் ஸ்காலர்ஷிப் தொடருமா? முதல் பாதியை ஆர்டிஎஸ்ஸிடமும், இரண்டாவதைக் கல்லூரியின் உதவி அலுவலகத்திடமும், எஃப்-1 மாற்றத்தை அங்குள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்திடமும் கேள். அப்பாவின் கிரீன் கார்டு விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அதில் உன் வயதைச் சட்டப்படி எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டச் சொல். கடைசி இரண்டு வருடத்துக்கு வெளிமாநிலக் கட்டணம் என்று வைத்து இன்னொரு கணக்கும் போடு. அந்தக் கணக்கையும் வீடு தாங்கும் என்றால் நிம்மதியாகக் கட்டலாம்.

கேள்வி: மகனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க மூன்று இடங்களில் அட்மிஷன். ஒரு பல்கலை இரண்டு வாரத்துக்குள் 1,000 டாலர் டெபாசிட் கேட்கிறது. கன்சல்டன்சிக்காரர் "எங்களிடம் கொடுங்கள், நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்கிறார். விசா கிடைக்காவிட்டால் பணம் என்ன ஆகும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பணத்தைக் கன்சல்டன்சி கையில் கொடுக்காதீர்கள். மகனின் மாணவர் போர்ட்டலுக்குள் போய், பல்கலைக்கழகமே காட்டும் வழியில், அவன் பெயரில் கட்டுங்கள். ரசீது அவன் மெயிலுக்கு வர வேண்டும்.

மே 1 கணக்கு இளநிலைப் படிப்புக்கு. மேற்படிப்பில் ஏப்ரல் 15 என்று ஒரு நாள் உண்டு. உதவித்தொகையோ அசிஸ்டன்ட்ஷிப்போ கொடுத்து அழைக்கும்போது, அந்த நாளுக்கு முன் மாணவர் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல்கலைகள் பல ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தீர்மானம் அது. ஆனால் சொந்தப் பணத்தில் படிக்கும் எம்.எஸ். இடத்துக்கு அது பொருந்தாது. ஆகவே உங்கள் மகனுக்கு இரண்டு வாரம் என்றால் இரண்டு வாரம்தான். மற்ற இரண்டு இடங்களின் தேதி தெரியாமல் அதைக் கட்ட வேண்டாம். அதே நேரம், தேதியை நீட்டித் தரும்படி பணிவாக ஒரு மெயில் போடட்டும். பல துறைகளில் தருவார்கள்.

விசா மறுக்கப்பட்டால் டெபாசிட்டைத் திருப்பித் தரும் பல்கலைகள் உண்டு, தராதவையும் உண்டு. மறுப்புக் கடிதத்தை எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பதுவரை கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சில இடங்களில் டெபாசிட் கட்டிய பிறகே, மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைத் தருவார்கள். ஐ-20 வந்த பிறகுதான் 350 டாலர் செவிஸ் (அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணமும் விசா நேர்காணலும். நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவே நாளாகும். அதனால் அமெரிக்காவிலேயே இருக்கும் பிள்ளைக்கு நான் சொல்லும் "கடைசிவரை பொறு" என்ற யோசனை உங்களுக்கு முழுதாகப் பொருந்தாது. உங்கள் மகன் ஏப்ரலுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவது நல்லது.

கேள்வி: மகன் எர்லி டிசிஷனில் (தேர்வானால் அங்கேயே சேர வேண்டும் என்ற விண்ணப்ப முறை) டிசம்பரிலேயே தேர்வாகிவிட்டான். இப்போது மற்ற கல்லூரிகள் என்ன தருகின்றன என்று ஏப்ரல்வரை பார்க்கலாமா?
– ஒரு வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: கூடாது. அந்த ஒப்பந்தத்தில் மகன், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொள்கிறோம் என்பதும் அதில் இருக்கிறது. கொடுத்த உதவிப் பணம் போதாமல் படிக்கவே முடியாது என்ற நிலை வந்தால் மட்டும் வெளியே வரலாம். அந்த நிலையில் இருந்தால், உதவி அலுவலகத்தை இந்த வாரமே அழையுங்கள்.

கேள்வி: போன வருடம் என் தங்கை மகன் மே 1ஐத் தவறவிட்டுவிட்டான். இந்த வருடம் என் மகளுக்கு அப்படி ஆகிவிட்டால்?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: மே 2 காலை அலுவலகம் திறந்தவுடன் மகள் போன் செய்ய வேண்டும். நான் அந்த மேசையில் இருந்தவரை, ஒரு நாள் இரண்டு நாள் தாமதத்துக்கு, வகுப்பு நிரம்பவில்லை என்றால் இடம் கொடுத்திருக்கிறோம். ஒரு வாரம் கழித்து அப்பா எழுதிய நீண்ட மெயிலுக்குக் கொடுக்க முடியாமல் போனதும் உண்டு. அந்தக் கதவு மூடிவிட்டால், நேக்காக் ஒவ்வொரு மே மாதமும் இன்னும் இடமுள்ள கல்லூரிகளின் பட்டியலை வெளியிடுகிறது. நல்ல கல்லூரிகளும் அதில் இருக்கும். போர்ட்டலில் பணம் கட்டும் வேலையை ஏப்ரல் 29க்கே வைத்துக்கொள்ளுங்கள். மே 1 இரவு பதினொன்றரைக்குக் கார்டு நிராகரிக்கப்பட்டால் பேச ஆள் இருக்காது.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு இரண்டு இடத்தில் அட்மிஷன். ஒன்று ரேங்கிங்கில் மேலே இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸில் நேரடியாக இடமில்லை. 'அன்டிக்ளேர்ட்' (துறை இன்னும் முடிவாகாதது) என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே இடம், ஸ்காலர்ஷிப்பும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. என்னிடம் கேட்காமலே அப்பா போன வாரம் முதல் கல்லூரிக்கு 300 டாலர் டெபாசிட் கட்டிவிட்டார். எனக்கு வீட்டில் பேசவே பிடிக்கவில்லை.
– ஒரு மாணவன், பெயர் ஊர் வேண்டாம்

பதில்: தம்பி, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் உன் பயத்தைக் குறைக்கிறேன். எதுவும் முடிந்துபோகவில்லை. 300 டாலர் கட்டியதால் நீ அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிடவில்லை. மே 1க்கு முன் ஒரு விலகல் மெயில் அனுப்பினால் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும், நீ இன்னொன்றில் டெபாசிட் கட்டலாம். பணம் திரும்ப வராமல் போகலாம், அவ்வளவுதான்.

அப்பா ஏன் கட்டினார் என்று யோசித்துப் பார். அவர் படித்த காலத்தில் கவுன்சிலிங்கில் பெயர் கூப்பிட்டபோது எழுந்து நின்று, அந்த நிமிடமே சொல்ல வேண்டும். யோசித்தால் சீட் அடுத்தவருக்கு. அந்த நெஞ்சுப் படபடப்பு அவருக்கு இன்னும் இருக்கலாம். உன் மேல் நம்பிக்கை இல்லாமல் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த முடிவு உன்னுடையது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. போய் நான்கு வருடம் உட்காரப்போகிறவன் நீ.

நீ சொல்லும் காரணமும் விளையாட்டுக் காரணம் இல்லை. பல பெரிய பல்கலைகளில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் நேரடியாக எடுத்தால்தான் உண்டு, உள்ளே போய் மாறுவது மிகக் கடினம். சியாட்டிலில் உள்ள யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் அப்படிப்பட்ட ஒன்று. அப்பா ரேங்கிங்கைப் பார்த்திருப்பார், அந்த ஒரு சொல்லைப் பார்த்திருக்க மாட்டார். 'அன்டிக்ளேர்ட்' என்பதன் விலையை அவருக்குக் காட்டுவது உன் வேலை.

முதல் கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்துக்கு நாளைக்கே எழுது. நான் பின்னால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாற என்னென்ன வகுப்பு, என்ன ஜிபிஏ வேண்டும்? போன வருடம் விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? பதில் வந்ததும் அச்செடு. இன்னொரு தாளில் இரண்டு கல்லூரிக்கும் நான்கு வருடச் செலவை எழுது, ஸ்காலர்ஷிப்பைக் கழித்து, கடனைக் கழிக்காமல். வெள்ளிக்கிழமை இரவு வேண்டாம், அப்பா களைத்திருப்பார். சனிக்கிழமை காலை காபி குடித்து முடித்ததும் உட்கார். கட்டிய 300ஐப் பற்றி நீயாகப் பேச்சை எடுக்காதே, அந்தப் பணத்தை வைத்து அவரைக் குற்றம் சொல்லாதே. இரண்டு தாளையும் அவர் பக்கம் தள்ளிவிட்டு, "அப்பா, இதை ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் இரு. அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல். பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது. பெயர் போட வேண்டாம், "300 டாலர்" என்று மட்டும் எழுதினால் போதும், நீதான் என்று தெரிந்துகொள்வேன்.